அதே நாடகம், அதே நடிகர்கள்?

(அரூரில் நடைபெற்ற பழைய மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரை)



எனக்குக் கொடுத்திருப்பது பதினைந்து நிமிடம். "நாடகக்காரன் கையில மைக்கைக் கொடுத்தா விடமாட்டான்" என்று செயலாளர் காலையிலேயே கிண்டல் பண்ணினார். நான் நாடகக்காரன் இல்லை. 1986-ஆம் ஆண்டு நம் கல்லூரி விழாவில் 'தண்ணீர் தண்ணீர்' நாடகம் போட்டபோது, பக்கத்துப் படுதாவுக்குப் பின்னால் நோட்டை வைத்துக்கொண்டு வசனம் எடுத்துக் கொடுத்தவன். என் முகம் யாருக்கும் தெரிந்திருக்காது. குரல் மட்டும் நாலாவது வரிசை வரைக்கும் கேட்டிருக்கும். நம்ம ஆட்கள் வசனத்தை அவ்வளவு நன்றாகப் பாடம் பண்ணியிருந்தார்கள்!

அந்த நாடகத்தை அடுத்த ஒன்றுகூடலில் மறுபடி மேடையேற்ற வேண்டும் என்று சங்கத்தில் ஒரு யோசனை வந்திருக்கிறது. "அதே நாடகம், அதே நடிகர்கள்" என்று அழைப்பிதழில் போடுவதற்கு வாசகம்கூடத் தயார். கேட்டவுடன் எல்லோரும் கைதட்டினோம். நானும்தான் தட்டினேன். அதைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன். சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாடகத்தைப் போட்டே ஆக வேண்டும். பழைய நடிகர்கள் அத்தனை பேரும் வந்தே ஆக வேண்டும். ஆனால் பழைய வேஷத்துக்கு வரக் கூடாது. ஏன் என்று சொல்கிறேன்.

இளைய தலைமுறைக்காக நாடகத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. 'தண்ணீர் தண்ணீர்' கோமல் சுவாமிநாதன் எழுதியது. 1980-இல் அவருடைய 'ஸ்டேஜ் பிரண்ட்ஸ்' குழு சென்னையில் மேடையேற்றியது. மறு வருஷமே, 1981-இல், கே. பாலசந்தர் அதைச் சினிமாவாக எடுத்தார்; சரிதா நடித்தார். கோவில்பட்டிப் பக்கம் அத்திப்பட்டி என்று ஒரு வறண்ட ஊர். குடிக்கத் தண்ணீருக்குப் பல மைல் நடக்க வேண்டும். போலீசுக்குத் தப்பி வந்த வெள்ளைச்சாமி என்பவனை, ஊருக்கு வண்டியில் தண்ணீர் கொண்டுவந்து தருவதற்காகவே ஊரார் வைத்துக்கொள்கிறார்கள். மனு கொடுத்துச் சலித்துப்போய் தேர்தலைப் புறக்கணிக்கிறார்கள். கடைசியில் தாங்களே கால்வாய் வெட்டப் புறப்படுகிறார்கள். அப்போதுதான் அரசாங்கம் என்ற ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரிகிறது, தடுக்க வரும்போது!

இந்த நாடகத்தை அரூரில் போட்டபோது யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையிருக்கவில்லை. காலிக் குடத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டதுமே சபை அடங்கிவிட்டது. பார்த்தவர்களில் பாதிப் பேர் அன்று காலையில்தான் குடத்தோடு வரிசையில் நின்றுவிட்டு வந்திருந்தார்கள்.

சரி, மறுபடி போடுவோம் என்றால் என்னென்ன வேண்டும்? முதலில் ஆட்களைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்த வேலையைச் சங்கம் என் தலையில்தான் கட்டியது. ஆறு மாதமாகத் தேடினேன். மேடையில் வந்தவர்கள் பதினேழு பேர். ஆண்களைக் கண்டுபிடிப்பது சுலபம். ஒருத்தனைப் பிடித்தால் அவன் மூன்று பேரைச் சொல்வான். "டேய் மச்சான், எங்கடா இருக்க?" என்றால் வேலை முடிந்தது. இரண்டு பேர் இப்போது நம்மோடு இல்லை. வெள்ளைச்சாமியாக நடித்தவரும் அதில் ஒருவர்.

கஷ்டம் எங்கே வந்தது தெரியுமா? பெண்கள் விஷயத்தில். அந்த நாடகத்தில் நடித்த மாணவிகள் மூன்றே மூன்று பேர். சங்கத்தின் முகவரிப் பட்டியலைப் புரட்டிப் பாருங்கள். ஆண்கள் பெயருக்கு எதிரே வேலை, ஊர், தொலைபேசி எண் எல்லாம் இருக்கும். பெண்கள் பெயருக்கு எதிரே அன்றைக்குக் கொடுத்த அப்பா வீட்டு முகவரி மட்டும். கல்யாணம் ஆகி இனிஷியல் மாறி, ஊர் மாறி, சில பேர் பெயரே "இன்னார் சம்சாரம்" என்று ஆகிவிட்டது. யாரிடம் போய் விசாரிப்பது? "எதுக்குத் தேடறீங்க?" என்று அவர்கள் வீட்டில் கேட்டால், "உங்க வீட்டம்மா எங்களோட நாடகத்துல நடிச்சாங்க" என்று சொல்லலாமா கூடாதா என்றுகூட நமக்குத் தெரியாது.

மூன்று பேரில் ஒருவரை அவருடைய தம்பி கடை மூலமாகப் பிடித்தேன். போனில் பேசினேன். கொஞ்ச நேரம் பதிலே இல்லை. அப்புறம், "அண்ணா, நான் நாடகத்துல நடிச்சேன்னு இந்த வீட்டுல யாருக்கும் தெரியாதுங்கண்ணா" என்றார். சரி, தொந்தரவு வேண்டாம் என்று போனை வைக்கப் போனேன். "இருங்கண்ணா" என்று சொல்லிவிட்டு, நாடகத்தில் தன்னுடைய முதல் காட்சியைச் சொல்ல ஆரம்பித்தார். வசனம் மட்டும் இல்லை. எந்தப் பக்கம் இருந்து வந்தார், குடத்தை எங்கே இறக்கினார், எந்த இடத்தில் நாம் வசனத்தை வெட்டினோம், கோவில்பட்டிப் பேச்சு நம்ம பிள்ளைகள் வாயில் வரவில்லை என்று எந்தெந்த வார்த்தையை அரூர்ப் பேச்சாக மாற்றினோம், எல்லாம். என் நோட்டில் அந்தப் பக்கங்களைக் கரையான் தின்று பல வருஷம் ஆகிறது. புத்தகம் கடையில் கிடைக்கும். ஆனால் நாம் போட்ட நாடகம் புத்தகத்தில் இல்லை. அது அந்த அம்மாவிடம் இருந்தது. ஏறத்தாழ 40 ஆண்டு, யாரிடமும் சொல்லாமல், அவ்வளவையும் வைத்திருந்தார்.

நண்பர்களே, ஒரு நாடகத்தின் பழைய நடிகர்களைக் கூட்டுவது என்றால் பழைய போட்டோவில் இருக்கிற வரிசைப்படி மறுபடி நிற்பது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதுவும் சந்தோஷம்தான். ஆனால் உண்மையில் கூட்ட வேண்டியது ஆளுக்குக் கொஞ்சமாகச் சிதறிக் கிடக்கிற நாடகத்தை. அதைக் கூட்டி என்ன செய்வது என்பதுதான் அடுத்த கேள்வி.

"அதே நடிகர்கள்" என்ற வழிக்கு நாடக உலகத்தில் பெரிய மரியாதை உண்டு. பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். வக்கீல்கள், உத்தியோகஸ்தர்கள், நம்மைப் போலத் தொழிலுக்காக இல்லாமல் ஆசைக்காக நடித்தவர்கள் சேர்ந்த சபை. ஒரே ஜோடி ஒரே நாடகத்தில் ஆண்டுக்கணக்காக நடிப்பார்கள். முதலியார் கதாநாயகன் என்றால் ரங்கவடிவேலு கதாநாயகி. அந்த நண்பருடைய பிரிவைப் பற்றித் தம் நாடக மேடை நினைவுகளில் முதலியார் உருக்கமாகவே எழுதியிருக்கிறார். கூட நடித்தவனுடைய இடம் காலியாவது எப்படி இருக்கும் என்று நமக்கும் இப்போது தெரியும். நம்ம வெள்ளைச்சாமியின் இடத்தில் நம் செட்டிலிருந்தே வேறொருத்தரை நிறுத்தினால், சபை நாடகத்தைப் பார்க்காது. போனவரை நினைத்து இவரை அளந்துகொண்டிருக்கும். அது இரண்டு பேருக்கும் நியாயம் இல்லை.

வயசு விஷயமும் இருக்கிறது. அவ்வை சண்முகம் என்று பெயர் வாங்கிய டி.கே. சண்முகம் ஔவைப் பாட்டியாக மேடையேறத் தொடங்கியபோது அவருக்கு வயது 30-ஐ ஒட்டித்தான் இருக்கும். 30 வயசுக்காரர் கிழவியாக வரலாம், ஊரே கும்பிடும். 60 வயசுக்காரர் தலைக்கு மை போட்டுக்கொண்டு 25 வயசு வாலிபனாக வண்டி இழுத்தால், சபை முதலில் சிரிக்கும். அப்புறம் டாக்டரைத் தேடும்.

இந்த இடத்தில் நமக்கு வழி காட்டுவது நம்ம ஊர்க் கூத்துதான். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைக்கிறார்கள். பகலில் பாரதச் சொற்பொழிவு, ராத்திரியில் கூத்து, அர்ச்சுனன் தபசு மரம் ஏறுவது, பதினெட்டாம் நாள் துரியோதனன் படுகளம், அப்புறம் தீமிதி. நம்மில் பல பேர் சின்ன வயசில் பாயைச் சுருட்டிக்கொண்டு போய்ப் பார்த்தவர்கள். அங்கே கவனித்திருக்கிறீர்களா? ஒருத்தர் வாலிபத்தில் வேஷம் கட்டி ஆடுகிறார். கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிக்கொண்டு விடிய விடிய சுற்றி ஆடுவதற்கு உடம்பு இடம் கொடுக்கிற வரைக்கும் ஆடுகிறார். முடியாத காலத்தில் வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொள்வதில்லை. பின்னால் பெஞ்சிக்குப் பக்கம் போய் நின்று பின்பாட்டுப் பாடுகிறார். இல்லை, வாத்தியாராகிப் பக்கத்து ஊர்ப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார். முன்னால் ஆடுகிற பையன் அடி தவறினால் பின்னால் இருந்து பாட்டிலேயே பிடித்து நிறுத்திவிடுகிறார். வேஷம் கைமாறுகிறது, ஆள் மேடையை விட்டு இறங்குவதில்லை. கூத்து இத்தனை தலைமுறை நின்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதையே ஒரு பல்கலைக்கழக மேடையிலும் பார்க்கலாம். இலங்கையில் பேராதனைப் பல்கலைக்கழகம். 1956-இல் அங்கே சரச்சந்திரா என்ற பேராசிரியர் மாணவர்களை வைத்து 'மனமே' என்ற சிங்கள நாடகத்தைப் போட்டார். நாடகம் என்ற பழைய சிங்களக் கூத்து வடிவத்தை எடுத்து, சார்லஸ் சில்வா என்ற கிராமத்து அண்ணாவியாரைக் கூட்டிவந்து மாணவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். முதலில் நடித்த மாணவர்கள் படிப்பு முடிந்து போன பிறகும் அந்த நாடகம் நிற்கவில்லை. நடிகர்கள் தலைமுறை தலைமுறையாக மாறினார்கள்; நாடகம் ஐம்பதாண்டையும் தாண்டி ஓடியது.

அதே பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960-களில் மட்டக்களப்பு நாட்டுக்கூத்தை எடுத்துக்கொண்டார். விடிய விடிய ஆடுகிற கூத்தைச் சுருக்கி, தமிழ் மாணவர்களை வைத்து 'கர்ணன் போர்', 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்' என்று வரிசையாக மேடையேற்றினார். 'இராவணேசனில்' இராவணனாக ஆடியவர் மௌனகுரு என்ற மாணவர். பிறகு அவர் மட்டக்களப்புக் கூத்தையே ஆராய்ந்து பேராசிரியரானார். பல பத்தாண்டுகள் கழித்து அதே 'இராவணேசன்' மறுபடி மேடைக்கு வந்தது. எப்படி? பழைய இராவணனே கிரீடத்தை மாட்டிக்கொண்டு வரவில்லை. கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தம்மிடம் வந்த இளையவர்களுக்குத் தாளக்கட்டும் ஆட்டமும் சொல்லிக் கொடுத்து, அவர்களை ஆடவைத்தார். இடையில் அந்த நாடு ஒரு பெரிய போரைப் பார்த்திருந்தது. போரில் தம்பியையும் மகனையும் இழக்கிற இராவணன் கதையை 1960-களின் சபை பார்த்ததுபோல இந்தச் சபை பார்த்திருக்க முடியாது. நாடகம் பழசாக இருந்தாலும் பார்க்கிறவன் பட்டது புதுசு. மறுமேடை ஏற்றம் என்பதற்கு அர்த்தமே அதுதான்.

நம்ம 'தண்ணீர் தண்ணீர்' நாடகமும் அப்படித்தான் மறுபடி வந்தது. கோமல் 1995-இல் காலமானார். கடைசிக் காலத்தில் 'சுபமங்களா' பத்திரிகையை நடத்திக்கொண்டிருந்தார். அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்து அவர் மகள் தாரிணி கோமல், 'கோமல் தியேட்டர்' என்ற பெயரில் அந்த நாடகத்தைத் திரும்ப மேடையேற்றினார். அப்பா எழுதிய நாடகத்தை மகள் போட்டார். வேஷம் மட்டும் இல்லை, பொறுப்பும் கைமாறும்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். இந்த நாடகம் 1986-இல் நமக்குச் சொன்னதும் இன்றைக்குச் சொல்லப்போவதும் ஒன்றா? அத்திப்பட்டியில் தண்ணீர் இல்லை. நம்ம தர்மபுரி மாவட்டத்தில் அது மட்டும் கதை இல்லை. போர் போட்டுத் தண்ணீர் வந்த ஊரிலும் அந்தத் தண்ணீரில் புளோரைடு இருந்தது. பிள்ளைகளுக்குப் பல்லில் காவி, பெரியவர்களுக்கு மூட்டு மடங்காத நோவு. அன்றைக்கு நமக்கு மேக்கப் போட வந்தவர், "என்னப்பா, பாதிப் பேருக்குப் பல்லுக்குக் கறை நான் பூசவே வேண்டாம் போலிருக்கே" என்றார். சிரித்தோம். அது சிரிக்கிற விஷயமா என்று அன்றைக்கு நமக்குத் தெரியாது. அப்புறம் ஒகேனக்கல் குடிநீர் மற்றும் புளோரோசிஸ் தணிப்புத் திட்டம் வந்தது. ஜப்பான் கடனுதவியோடு 1,928.80 கோடி ரூபாய்த் திட்டம். 2008-இல் அடிக்கல் நாட்டினார்கள், 2013-இல் திறந்தார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் காவிரித் தண்ணீர்.

இன்றைக்கு முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிற இந்தப் பிள்ளைகள் குழாய்க் காலத்துப் பிள்ளைகள். இவர்களுக்கு அத்திப்பட்டி என்ன சொல்லும்? எனக்குத் தெரிந்த பதிலை நான் சொல்லக் கூடாது. அவர்கள் அந்த வசனத்தைத் தங்கள் வாயால் பேசிப் பார்த்துச் சொல்லட்டும். "எங்க தெருவுல குழாய் இருக்கு சார், தண்ணி எத்தனை நாளைக்கு ஒரு தடவை வருதுன்னு கேளுங்க" என்பார்களா, "இதெல்லாம் எங்க பாட்டி கதை" என்பார்களா, பார்ப்போம். இரண்டில் எதைச் சொன்னாலும் நாடகம் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். நாமே நடித்து நாமே கைதட்டிக்கொண்டால் நமக்கு நல்ல பொழுதுபோக்கு. அந்தக் கேள்வி மட்டும் கேட்கப்படாமலே போய்விடும்.

ஆகவே என் யோசனையை வைக்கிறேன். செயற்குழு பரிசீலிக்கட்டும்.

ஒன்று, அனுமதி. ஆசிரியர் மறைந்த பின் 60 ஆண்டு வரை நாடகத்தின் உரிமை அவர் குடும்பத்தாருடையது. கோமல் நாடகத்துக்கு அது 2055 முடிய இருக்கிறது. காலேஜ் பசங்கதானே, யார் கேட்கப் போகிறார்கள் என்று 1986-இல் இருந்துவிட்டோம். இப்போது முறைப்படி எழுதிக் கேட்போம். அந்தக் காலத்தில் நாடகம் என்றால் ஸ்கிரிப்டைப் போலீசிடம் கொடுத்து அனுமதி வாங்குகிற வழக்கம் இருந்தது. 1954-ஆம் ஆண்டுச் சட்டம். 'பரீக்‌ஷா' ஞாநி தொடுத்த வழக்கில் அதன் முக்கியமான பிரிவுகள் செல்லாது என்று 2013-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. போலீஸ் அனுமதியைவிட எழுதியவர் வீட்டு அனுமதிதான் பெரிது.

இரண்டு, வேஷம் எல்லாம் இன்றைய மாணவ மாணவியருக்கு. நாம் பின்பாட்டு. ஒவ்வொரு பழைய நடிகரும் தன் பாத்திரத்தை ஒரு மாணவருக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். அது மட்டும் போதாது என்று ஆசை விடாதவர்களுக்கு ஊர்க்கூட்டம் நடக்கிற காட்சி இருக்கிறது. ஊர்ப் பெரியவர்கள் வேண்டும். நரைத்த தலை, தொந்தி, மூக்குக் கண்ணாடி எல்லாம் நம்மிடம் தாராளமாக இருக்கிறது. மேக்கப் செலவு மிச்சம்.

மூன்று, நாடகத்தில் கை வைக்க வேண்டாம். நம்ம ஊர்த் தண்ணீர்க் கதையைச் சொல்ல வேண்டுமென்றால் படுதா திறக்கும் முன்னால் கட்டியங்காரன் வரட்டும். ஊர் நடப்பைக் கேலியாகச் சொல்ல அவனுக்கு எப்போதும் உரிமை உண்டு. நாடகம் முடிந்ததும் கால் மணி நேரம் பிள்ளைகள் பேசட்டும், நாம் கேட்போம்.

நான்கு, அழைப்பிதழ். அதில் 1986-இல் நடித்த பதினேழு பேரின் பெயரும் வர வேண்டும். மறைந்த இருவர் பெயர் முதலில். மூன்று பெண்களின் பெயரை அவர்கள் கல்லூரியில் படித்தபோது இருந்த பெயரிலேயே போட வேண்டும், அவர்கள் சம்மதித்தால். போனில் பேசிய அந்தத் தங்கையிடம் கேட்டேன். உடனே பதில் சொல்லவில்லை. நாலு நாள் கழித்து அவரே கூப்பிட்டார். "பேர் போடுங்கண்ணா. ஒத்திகைக்கு என் மருமகளையும் கூட்டிட்டு வரேன், அவ வண்டி ஓட்டுவா" என்றார். வீட்டில் என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. மற்ற இரண்டு பேரை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். இந்த மண்டபத்தில் யாருக்காவது தகவல் தெரிந்தால், மேடையில் வந்து சொல்ல வேண்டாம். என்னிடம் தனியாகச் சொல்லுங்கள். அவர்களாக விரும்பினால் மட்டும்தான் பேர் வெளியே வரும்.

முதல் ஒத்திகை இல்லை, முதல் வாசிப்பு, பொங்கல் கழிந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கல்லூரியில். எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, ஒரு பழைய ஆள், ஒரு புது ஆள் என்று மாற்றி மாற்றிப் படிப்போம். நோட்டில் கரையான் தின்ற இடத்தை நீங்கள் எல்லோரும் சொல்லிச் சொல்லி நிரப்ப வேண்டும். இந்தத் தடவை எடுத்துக் கொடுப்பதற்கு நான் ஒருத்தன் போதாது, பதினைந்து பேர் வேண்டும்.

வாசல் பக்கம் மேசையில் ஒரு புது நோட்டு வைத்திருக்கிறோம். வருகிறவர்கள் பெயரும் போன் நம்பரும் எழுதிவிட்டுச் சாப்பிடப் போங்கள். எழுதாமல் போகிறவர்களைப் பந்தியில் வந்து பிடிப்பேன்.